ரேடியேட்டரில் கொதித்த குழம்பு

தங்கை மகளின் கல்யாணத்துக்காக மலேசியாவில் இருக்கும் ஈப்போவிலிருந்து சென்னைக்கு வந்தேன். வந்தவன் கடற்கரையைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவைக் கடைகளையும் பார்க்கவில்லை. நான் நன்றாகப் பார்த்தது நசரத்பேட்டையில் ஒரு மெக்கானிக் கடையையும், ஒரு காரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த வண்டலையும்தான். ஊர் திரும்பியதும் “மெட்ராஸ் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டவர்களிடமெல்லாம் ரேடியேட்டரைப் பற்றியே பேசினேன். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தங்கை ஸ்டெல்லா, ஈப்போவில் வேலைக்கு வந்திருந்த லூர்துசாமியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவள். இப்போது அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். ஒரே பெண் ஷெரின். கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைப் பையன் பிரவீனும் அதே வேலைதான், ஆவடிக்காரன்.

விமான நிலையத்துக்கு என்னை அழைக்க லூர்து காரில் வந்திருந்தான். வெள்ளை நிறம், கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. போன மாதம்தான் வாங்கினானாம்.

“காடி நல்லா இருக்கே மாப்பிள்ளே” என்றேன். எங்கள் ஊரில் கார் என்றால் காடிதான்.

“நம்ம சம்பந்தி ஊட்டு வண்டி மச்சான். பிரவீனோட சித்தப்பா ஜெபராஜ் கீறாருல்ல, அவரு வச்சிருந்தது. ஒரே கை ஓட்டுன வண்டி. கல்யாணத்தன்னிக்குப் பொண்ண இதுலதான் கூட்டிகினு போறேன். வாடகை வண்டியெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன்.”

அப்படிச் சொல்லும்போது ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டினான். ரொம்ப நாள் கழித்து என்னைப் பார்த்தவன் என்னை அப்படித் தட்டவில்லை.

முதல் நாள் சாப்பாட்டிலேயே கழிந்தது. காலையில் இட்லிக்கு வடகறி. கடலைப்பருப்பு வடையைப் பிய்த்துப் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. இதை ஈப்போவில் யாராவது கடை போட்டால் எங்கள் பரோட்டாவான ரொட்டி சானாய் விற்கும் கடைகள் கொஞ்சம் கலங்கிப்போகும். டீயைப் பற்றி மட்டும் குறை சொல்வேன். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றிக் கொடுக்கும் தே தாரேயில் மூழ்கி எழலாம், இங்கே கொடுக்கும் டம்ளரில் மூக்கை நனைக்கலாம். அதையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் குடிக்கிறார்கள்.

மறுநாள், கொடுக்காமல் விட்டுப்போன கல்யாணப் பத்திரிகை ஒன்று இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தன் பழைய நண்பர் வீடு, போய் வரலாம் என்றான் லூர்து. நானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். வெள்ளைச் சட்டை. என் மனைவி கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பியது.

பூந்தமல்லியைத் தாண்ட மட்டும் ஒரு யுகம் ஆனது. நடுரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் தூணாக நிற்கிறது. இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு. மிச்சமிருக்கும் ஓடையில் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, மாடு, நாங்கள். ஏசி திடீரென்று வெந்நீர் ஆவி மாதிரி ஊதியது. “வெயிலு மச்சான்” என்றான் லூர்து. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி நசரத்பேட்டை வந்தபோது டாஷ்போர்டைப் பார்த்தேன். சூடு காட்டும் ஊசி மேலே சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பானட்டிலிருந்து புகை வந்தது.

ஓரம் கட்டினோம். லூர்து பானட்டைத் தூக்கினான். உள்ளே குக்கர் வேகிற சத்தம்.

“மூடியத் தொடாதே லா! ஆறட்டும்!” என்று எங்கள் ஊர் ‘லா’வையும் சேர்த்துக் கத்தினேன்.

“துணி வச்சிகினுதான் தொறக்கறேன்” என்று ஒரு துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். நான் பின்னால் குதித்ததில் என் முகம் தப்பியது, சட்டை தப்பவில்லை. நெஞ்சிலிருந்து வயிறு வரை பழுப்பாக ஏதோ வந்து அப்பிக்கொண்டது. சூடு பொறுக்கும் அளவுதான். ஆனால் தண்ணீர் இல்லை அது. கூழ்.

நூறடி தூரத்தில் மெக்கானிக் கடை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். தள்ளிக்கொண்டு போனோம். கன்னியப்பன் என்று ஒருவர், தோளில் ஆயில் துணி, காதில் எப்போதும் போன். போனில் பேசிக்கொண்டே குனிந்து பார்த்தார். போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இன்னா நைனா இது? ரேடியேட்டரா, கொயம்புச் சட்டியா?”

உண்மையில் அப்படித்தான் இருந்தது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் பச்சையாகவோ ரோஸாகவோ தெளிவாக இருக்க வேண்டும். இதில் தேங்காய் அரைத்துவிட்ட மாதிரி பழுப்பாக, கெட்டியாக, மேலே நுரையோடு நின்றது. மூடியின் அடிப்பக்கத்தில் விரல் கனத்துக்கு வண்டல். கன்னியப்பன் அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். நானும் முகர்ந்தேன். எனக்கு வெறும் சூடுதான் மணத்தது.

“ஆயில் தண்ணில கலந்துகீது. எஞ்சினுக்கும் மேல மூடிக்கும் நடுவுல ஒரு தகடு கீதுல்ல, கேஸ்கெட்டு, அது பூட்ருக்கும். எஞ்சினைக் கீய எறக்கணும்.”

லூர்து அப்படியே அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். “கல்யாணத்துக்குள்ள முடியுமா?”

“எந்தக் கல்யாணம்?”

“என் பொண்ணு கல்யாணம். சனிக்கெழம.”

கன்னியப்பன் எஞ்சின் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். துணியில் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவினார். முகம் மாறியது. “இது கொயப்புதே. தண்ணி கலந்தா இது பால் மாரி வெளுத்திருக்கணும். ஆயிலு நல்லா கீது.” ரேடியேட்டர் கூழை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். எண்ணெய் மேலே மிதக்கவில்லை. எல்லாம் அடியில் போய்ப் படிந்தது.

“அப்ப இன்னான்னா, யாரோ ரெண்டு மூணு கலர் கூலண்ட்டு மாத்தி மாத்தி ஊத்திகிறாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காதது கலந்தா இப்பிடித்தான் திரிஞ்சி பூடும். சின்னச் சின்ன ட்யூபெல்லாம் அடைச்சிகினு தண்ணியே ஓடாது. உனுக்கு இந்த வண்டிய வித்தது யாரு?”

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். அவ்வளவு நேரம் டயர் மேல் இடிந்து உட்கார்ந்திருந்தவன் எழுந்தான்.

“ஜெபராஜு” என்றான் லூர்து.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். ஆறு பேர் ஏறும் வண்டியில் பத்துப் பேர். என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் சட்டையைப் பார்த்துவிட்டுத் தன் காய்கறிப் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.  எதிரே உட்கார்ந்திருந்த லூர்து போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். ஆட்டோ சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

“ஜெபராஜ் அண்ணே, நல்லா இருப்பீங்களா நீங்க? சம்பந்தின்னு நம்பித்தானே வாங்கினேன்? ரேடியேட்டர் ஃபுல்லா சேறு! தெரிஞ்சே தள்ளிவுட்டுட்டீங்க!”

ஆட்டோவில் எல்லோரும் ஜெபராஜ் மேல் கோபமானார்கள். காய்கறி அம்மாள் “அப்டித்தாங்க இருக்கானுங்க” என்றார்.

“யாருக்கு அனுப்பினே?” என்று கேட்டேன்.

லூர்து போனைப் பார்த்தான். “கல்யாண குரூப்புக்கு மச்சான்.”

இரு வீட்டாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப். அதில் கல்யாணத்தை நடத்திவைக்கப்போகும் சர்ச் ஃபாதரும் இருந்தார்.

அழிக்கலாமா என்று அவன் யோசிப்பதற்குள் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது ஸ்டெல்லா கரண்டியோடு நின்றாள். “என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? பிரவீனோட அம்மா போன் பண்ணி அழுவுறாங்க. ஜெபராஜ் அண்ணன் ஸ்கூட்டர எடுத்துட்டுக் கிளம்பிட்டாராம்.” உள் அறையில் ஷெரின் காதில் ஹெட்போனோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து ‘என்ன?’ என்றாள். 

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தால் துணி துவைப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். “சட்டையக் கழட்டு அண்ணே” என்று பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் லூர்துவும் கூடத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சோப்பு தேய்க்கும் சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது.

“அண்ணே! உனக்கு அடி எதுனா பட்டுச்சா?”

ஓடினேன். சட்டை முழுக்கச் சிவப்பு. சோப்பு நுரையெல்லாம் சிவப்பு. நான் பயந்துபோய் என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்டெல்லா சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சோப்பு படாத இடத்தில் கறை பழுப்பு மஞ்சளாக இருந்தது. அந்த இடத்தில் சோப்பை ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணெதிரே சிவந்தது. முகர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்துக்கு வேறு ஏதோ வந்தது.

“என்னங்க” என்று கூப்பிட்டாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. லூர்து வாசற்படி வரைக்கும்தான் வந்தான்.

“ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் எப்பிடி வந்துச்சு?”

“எந்த மஞ்சத்தூளு?”

“சோப்பு பட்டா செவக்கறது மஞ்சக்கறை மட்டும்தாங்க. தெனம் பாத்திரம் தேய்க்கறவளுக்குத் தெரியாதா? எப்பிடி வந்துச்சு?”

லூர்து என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன்.

“நான்தான் போட்டேன்” என்றான். “வாங்குன வாரத்துல வண்டிக்கு அடியில சொட்டு சொட்டா ஒழுகிச்சு. டீக்கடையில சொன்னாங்க, ரேடியேட்டர்ல மஞ்சத்தூளு போட்டா ஓட்டை அடைச்சிக்கும்னு. அடைச்சிகிச்சே! ஒழுகவே இல்ல அப்புறம்.”

“எவ்ளோ போட்டீங்க?”

“டப்பா.”

“எந்த டப்பா?”

“அந்தப் பெரிய டப்பா.”

“அரைக் கிலோ டப்பாவா?”

“சின்னக் காயத்துக்கே மஞ்சள் வைக்கிறோம். இது வண்டியாச்சே ஸ்டெல்லா” என்றான். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மருந்து போட்ட தானே நோயையும் உண்டாக்கியதாக அவன் நினைக்கவே இல்லை. நசரத்பேட்டையில் அந்தக் கூழைப் பார்த்தபோதும் அவனுக்குத் தன் மஞ்சள் ஞாபகமே வரவில்லை.

அப்போது காலிங்பெல் அடித்தது.

ஜெபராஜ் ஆறடி உயரம். ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஸ்டெல்லா காபி கொண்டுவந்தாள். அதை ஹெல்மெட் கண்ணாடி வழியாகப் பார்த்தார், தொடவில்லை.

“ஆயுசு பூரா மெஷினோட வாழ்ந்தவன் நான். என் வண்டிய ஒருத்தன் கொறை சொன்னது கெடையாது. ஃபாதர் போன் பண்ணிக் கேக்கறாரு, ‘என்ன ஜெபராஜ், கோயில்ல பாட்டுப் பாடறே, இப்படிப் பண்ணலாமா’ன்னு. எங்க அண்ணி சாப்புடல. இப்பவே இப்பிடின்னா நாளைக்கு எங்க ஊட்டுக்கு வர்ற பொண்ணு எங்கள என்னான்னு நெனைக்கும்? வேணாம்னா சொல்லிடுங்க. இப்பவே நிறுத்திக்கலாம்.”

 லூர்து காபி டம்ளரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.  கடல் தாண்டி ஒரு கல்யாணத்துக்கு வந்து, ஒரு காருக்காக அது நிற்பதைப் பார்க்கப்போகிறேனா?

அறைக் கதவு திறந்தது. ஷெரின் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தாள். பின்பக்கத்துப் பேச்சு முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கிறது. “மியூட்ல போட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் முடிங்க” என்றாள். பிறகு அப்பாவின் முதுகில் கை வைத்து ஓர் அடி முன்னால் தள்ளினாள். “நீயே சொல்லுப்பா. நான் சொன்னா நல்லா இருக்காது.”

லூர்து சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, டீக்கடையில் ஆரம்பித்து டப்பாவில் முடித்தான். “என்னை மன்னிச்சிருங்க அண்ணே. குரூப்புலயே மன்னிப்புக் கேக்கறேன். ஃபாதருக்கும் கேக்கற மாதிரி.”

 ஜெபராஜ் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எவ்ளோ போட்டீங்க?”

“அரைக் கிலோ.”

“அரைக் கிலோவா!” காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, ஆறடி மனிதர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நான் ரெண்டு ஸ்பூன்தான் போட்டேன்.”

முதலில் சிரித்தது ஷெரின்தான். அப்புறம் ஸ்டெல்லா. அந்த ஒழுக்கு போன வருடத்திலிருந்தே இருந்ததாம். விற்கும்போது சொல்லலாமா என்று யோசித்தாராம், இரண்டு ஸ்பூனில் நின்றுவிட்டதால் சொல்லவில்லையாம். ஷெரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சேர்ந்து போய் வண்டியச் சரி பண்ணிட்டு வாங்க. மாமாவையும் கூட்டிட்டுப் போங்க, சண்டை வந்தா பாத்துப்பாரு” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

அப்படித்தான் மறுநாள் முழுவதும் எனக்கு நசரத்பேட்டையில் போனது. கன்னியப்பனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் போனைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். “நல்ல காரியம் நடக்கற ஊடு, மஞ்சத்தண்ணி ஊத்திகிறாங்க!”

“எஞ்சினை எறக்கணும்னு சொன்னீங்களே?” என்று கேட்டேன்.

“கேஸ்கெட்டு பூட்ருக்கும்னு சொன்னேன் சார். பூட்ச்சின்னு சொன்னேனா?”

ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்வாயில் குழாயைச் சொருகி, தண்ணீரைத் தலைகீழாக விட்டார். முதலில் சேறு கட்டிகட்டியாக விழுந்தது. அப்புறம் சாம்பார். அப்புறம் ரசம். லூர்துவும் ஜெபராஜும் பக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து, யாருடைய மஞ்சள் வருகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அடியில் இறுகிப்போய் வந்ததெல்லாம் ஜெபராஜுடையது என்று லூர்து சொன்னான். இரண்டு ஸ்பூன் அவ்வளவு வராது என்று ஜெபராஜ் சொன்னார். நான் எதிரே இருந்த கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடப் போனேன். சால்னா நன்றாகத்தான் இருந்தது. நிறத்தைப் பார்த்ததும் பாதியில் எழுந்துவிட்டேன்.

தண்ணீர் தெளிந்து வந்ததும், ஒழுகிய இடத்தை அடைத்து, ஒரே நிறத்தில் புதுக் கூலண்ட் ஊற்றி, வண்டியை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஊசி நடுவில் நின்றது. கன்னியப்பன் கைகூப்பி, “இனிமே சமையக்கட்டு சாமான் எதுவும் போடாதீங்கப்பா” என்றார்.

சனிக்கிழமை காலை. வெள்ளைப் பட்டில், தலையில் முக்காட்டோடு ஷெரின் பின் சீட்டில் ஏறினாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நான். ஓட்டுவது ஜெபராஜ், வண்டியின் குணம் அவருக்குத்தான் தெரியும் என்று லூர்துவே சாவியைக் கொடுத்திருந்தான். அவன் பக்கத்து சீட்டில். இருவரும் ரோட்டைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தார்கள்.

பூந்தமல்லியில் நுழைந்ததும் தகரத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி நின்றது. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. ஊசி அசையவில்லை. ஆனாலும் ஜெபராஜ், “ஏறிட்டா என்ன பண்றது? ஹீட்டரப் போடுங்க. எஞ்சின் சூட்ட உள்ள இழுத்துக்கும்” என்றார். லூர்து முழுதாகத் திருப்பிவிட்டான்.

சென்னை வெயிலில் ஹீட்டர். ஒரு நிமிடத்தில் ஸ்டெல்லாவின் பவுடர் வழிந்தது. என் கோட்டுக்குள் ஆறு ஓடியது. ஷெரினின் கண்மை கன்னத்துக்கு வந்தது. கண்ணாடியை இறக்கினோம். மெட்ரோ வேலையில் நின்ற வடநாட்டு ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். “என்ன சொல்றான்?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். “கல்யாணத்த நெனச்சுப் பயந்துபோய் வேர்க்குது, பாவம்னு சொல்றான்” என்றாள்.

ஷெரின் அதற்கு மேல் பொறுக்கவில்லை. சர்ச் கோபுரம் அங்கிருந்தே தெரிந்தது. “நான் நடந்து போறேன்” என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஸ்டெல்லா பூங்கொத்தோடு பின்னால் ஓடினாள். நானும் இறங்கினேன். “அப்பா, வா!” என்று ஷெரின் கூப்பிட்டாள்.

“நீ போம்மா. வண்டிய இந்த நெலமையில வுட்டுட்டு எப்பிடி வர்றது?” என்றான் லூர்து. வண்டிக்கு ஒரு நிலைமையும் இல்லை.

சர்ச்சில் பிரவீன் பீடத்துக்கு அருகே நின்றுகொண்டிருந்தான். ஷெரினைப் பார்த்ததும் பயந்துவிட்டான். அவன் அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கூந்தல் பூவைச் சரிசெய்தார். பாடகர் குழு வருகைப் பாடலை ஆரம்பித்தது. மகளைக் கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டிய அப்பா இல்லை. பாட்டு முடிந்தது. ஃபாதர் கையைக் காட்ட மறுபடி பாடினார்கள். மறுபடியும். “நான் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டேன். ஷெரின் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “வருவாரு மாமா” என்றாள். 

கேட்டில் ஹாரன் சத்தம். வெள்ளை வண்டி வந்து நின்றது. லூர்து இறங்கி ஓடிவந்தான். கோட்டு சூட்டோடு ஆற்றில் விழுந்து எழுந்த மாதிரி தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். மகள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான். கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். லூர்துவின் கண் கலங்கியிருந்தது. ஒற்றை மகளைக் கொடுக்கப்போகிற நேரம், ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவள் காதருகே குனிந்து சொன்னான்: “ஊசி நடுவுலயே நின்னுச்சும்மா.”

“சரிப்பா” என்றாள் ஷெரின். “நட.”